கிளை எண் ஏழு

போன மாதம் காவ்யாவிடம் கத்திவிட்டேன். நான் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்த நிறுவனத்தில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் அவள். சென்னைக்காரி, கெட்டிக்காரி. வேலையில் சந்தேகம் வந்தால் இன்னும் என்னைத்தான் கூப்பிடுவாள். அன்று சந்தேகம் கேட்கக் கூப்பிடவில்லை, சந்தோஷத்தைச் சொல்லக் கூப்பிட்டாள்.

“அங்கிள், புது சாஃப்ட்வேர் வாங்கியிருக்காங்க. ஹெச்ஆர் ஃபைல்லேர்ந்து எல்லார் அட்ரஸையும் அதுவே எடுத்து லைசென்ஸ் ஃபார்ம்ல ஃபில் பண்ணிடுது. ஒரு பாக்ஸ்கூட காலியா இல்ல. நீங்க பாத்தா அசந்துடுவீங்க!”

“நிறுத்தும்மா! மொதல்ல அத நிறுத்து!”

நான் போட்ட சத்தத்தில் என் மனைவி ஃபிலோ சமையலறையிலிருந்து கரண்டியும் கையுமாக ஓடி வந்துவிட்டாள். “நான் என்ன தப்பு பண்ணேன் அங்கிள்?” என்று காவ்யா மெல்லக் கேட்டாள். பாவம், அவள் ஒரு தப்பும் பண்ணவில்லை. பண்ணியவன் நான். ஃபோனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அதைத்தான் எழுதுகிறேன்.

நான் திண்டிவனத்தான். கல்லூரி முடித்த கையோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன். ஆறு வருடம். அங்கே எனக்கு ஊட்டிய பாடம் ஒன்றே ஒன்று. பத்திரத்தில் காலி இடம் விடாதே. விட்ட இடத்தில் நாளைக்கு எவனாவது ஒரு வரியை எழுதிச் சேர்த்தால் ஒரு குடும்பத்தின் நிலம் போய்விடும். எழுத ஒன்றும் இல்லை என்றால் குறுக்கே கோடு இழு. முகவரி என்றால் கதவு எண்ணோடு நிற்காதே, வடக்கே என்ன இருக்கிறது, தெற்கே யார் வீடு, பக்கத்தில் கோயிலா கிணறா, எல்லாம் எழுது. நான் எழுதிய பத்திரம் திரும்பி வந்தது என்று ஒருவனும் சொல்ல முடியாது. அந்தக் கர்வம் எனக்கு உண்டு. இல்லை, இருந்தது.

ஃபிலோவுக்கு நியூ ஜெர்சியில் நர்ஸ் வேலை கிடைத்தது. அவள் பின்னாலேயே நானும் விமானம் ஏறினேன். இங்கே வந்து பெட்ரோல் பங்க், குடோன், வங்கியின் பின்கட்டு என்று சில வருடம் உருண்டேன். கடைசியில் பிஸ்கட்டவேக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கடன் வசூல் நிறுவனத்தில் உரிமப் பிரிவில் சேர்ந்தேன். ஊருக்குச் செய்தி போனதும் ஃபிலோவின் தம்பி ஃபோன் செய்து, “என்ன மாமா, அமெரிக்கா போய் அடியாள் வேலையா? உங்க ஒடம்புக்கு எவன் பயப்படுவான்?” என்று கேட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அங்கே தவணை கட்டாதவன் வண்டியைத் தூக்க நான்கு தடியன்கள் வருவார்கள். இங்கே வசூலுக்கு ஒரு ஃபோன் போடக்கூட உரிமம் வேண்டும். அந்த உரிமங்களை வாங்கி, வருடாவருடம் புதுப்பித்து, உயிரோடு வைத்திருப்பதுதான் என் வேலை.

முதல் வாரம் எனக்கு மயக்கமே வந்தது. ஒரு நாடு, ஒரு சட்டம் என்றல்லவா நினைத்துக்கொண்டு வந்தேன்! ஐம்பது மாநிலத்துக்கும் ஐம்பது விதம். டெக்ஸாஸில் ஜாமீன் பத்திரம் ஒன்றைத் தாக்கல் செய்தால் முடிந்தது. நாங்கள் உட்கார்ந்திருந்த நியூ ஜெர்சியிலும் ஏறக்குறைய அதே கதைதான். இன்னொரு மாநிலம் முதலாளிகளின் பத்து விரல் ரேகையையும் கேட்கும். வேறொன்று உள்ளூரில் ஓர் அலுவலகம் இருந்தே ஆகவேண்டும் என்று அடம் பிடிக்கும். சில மாநிலம் போதாதென்று அதற்குள் இருக்கும் நகரமும் தனி உரிமம் கேட்கும். ஒரு மாநிலத்துக்கு அனுப்பும் கடிதத்தில் உரிம எண்ணை அச்சடிக்க மறந்தால் அந்த மாநிலத்தில் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

என் மேலதிகாரி லொரெய்ன். என்னைவிட மூன்று வயது மூத்தவர், ஒல்லி, கழுத்தில் சங்கிலி போட்ட கண்ணாடி. அவர் பேசியது ஆங்கிலம், நான் தமிழில் எழுதுகிறேன். ஒரு விண்ணப்பத்தை அவர் படிப்பதைப் பார்க்கவேண்டும். கணினியில் படிக்க மாட்டார், அச்சடித்துத்தான் கொண்டுவர வேண்டும். கேள்விக்குக் கீழே மர ஸ்கேலை வைப்பார். கேள்வியை வாய்விட்டு மெதுவாக ஒரு தரம் படிப்பார். பிறகு நான் எழுதிய பதிலைப் படிப்பார். பிறகு மறுபடி கேள்வியைப் படிப்பார். கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை இருந்தாலும் பென்சிலால் அடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்ப்பார்.

“ராஜ், இதை யார் கேட்டார்கள்?”

இருதயராஜ் என்ற என் பெயரில் அவர் நாக்குக்கு அகப்பட்டது அவ்வளவுதான்.

“யாரும் கேட்கவில்லை. தெரிந்தால் நல்லதுதானே என்று எழுதினேன்.”

“யாருக்கு நல்லது?”

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேலைக்குச் சோம்பல்படும் பொம்பளை என்று ஃபிலோவிடம் பொருமுவேன். ஒருமுறை, ‘நிறுவனத்தின் மேல் எப்போதாவது புகார் வந்ததுண்டா’ என்ற ஆம்-இல்லை கேள்விக்கு, ஆம் என்று போட்டுவிட்டு, நான்கு பக்கத்துக்கு விளக்கக் கடிதம் எழுதி இணைத்தேன். அவர் விடுப்பில் இருந்த வாரம் அது. அந்த நான்கு பக்கத்திலிருந்து அந்த மாநில அலுவலகம் முப்பத்தோரு கேள்வி கேட்டது. பதில் சொல்லி முடிக்க ஒரு கோடைக்காலம் முழுக்கப் போயிற்று. லொரெய்ன் திட்டவில்லை. முப்பத்தோரு கேள்வியையும் ஸ்கேல் வைத்துப் படித்தார், அவ்வளவுதான். அதற்கப்புறமும் நான் திருந்தவில்லை என்பதுதான் விஷயம்.

பல வருடம் இப்படிப் போயிற்று. என் வேலையில் அவருக்கு நம்பிக்கை வந்தது. முதலில் எல்லாப் பக்கமும் படித்தவர், பிறகு முக்கியமான பக்கங்களை மட்டும் படித்தார். கடைசியில் இணைப்புகளை என் பொறுப்பிலேயே விட்டுவிட்டார். நானும் அதைப் பதவி உயர்வு மாதிரி நினைத்துப் பூரித்துப் போனேன்.

பிறகு பெருந்தொற்று வந்தது. எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதையொட்டிய காலத்தில்தான் கலிஃபோர்னியா, வசூல் நிறுவனங்கள் எல்லாம் இனி உரிமம் எடுக்கவேண்டும் என்று புதுச் சட்டம் கொண்டுவந்தது. அதுவரை அங்கே எங்களுக்கு உரிமத் தொல்லையே இல்லை. புதுச் சட்டம், புதுப் படிவம். எங்கள் தொழிலில் இருந்த எல்லோருக்கும் தலை சுற்றியது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரின் வீடு கிளை அலுவலகமா, இல்லையா? ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள்.

கலிஃபோர்னியாவில் எங்களுக்கு ஒரே ஓர் ஊழியர். அவளை ஷோபனா என்று வைத்துக்கொள்ளுங்கள், நான் வைத்த பெயர்தான். சன்னிவேலில் ஓர் அபார்ட்மெண்டில் இருந்தாள். எங்கள் ஆட்கள் பேசிய தொலைபேசிப் பதிவுகளைக் கேட்டு, சட்டம் மீறி யாராவது பேசியிருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்லும் வேலை. ஆளை நான் நேரில் பார்த்ததில்லை. திரையில் பார்த்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும், “அங்கிள், சாப்டாச்சா?” என்று கேட்காமல் திரையை விட்டுப் போகமாட்டாள். எனக்கு ஒரே பையன், அவன் கேட்காத கேள்வி அது.

படிவத்தில் ‘கூடுதல் அலுவலக இடங்கள்’ என்று ஒரு பகுதி இருந்தது. மற்ற மாநிலங்களில் எங்களுக்கு ஆறு கிளைகள். அந்த ஆறையும் எழுதினேன். ஏழாவது கட்டம் காலியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஷோபனாவின் வீட்டைப் போட்டுவிட்டால் என்ன? எதையோ மறைத்தான் என்று நாளைக்கு ஒருவன் சொல்லக்கூடாதல்லவா?

அவளுடைய ஹெச்ஆர் கோப்பை எடுத்தேன். முகவரி என்ற இடத்தில் ஒரு தபால் பெட்டி எண். அதுவும் சாக்ரமெண்டோவில்! குடியிருப்பது சன்னிவேல், பெட்டி இரண்டு மணி நேரம் தள்ளி மாநிலத் தலைநகரில். யாரோ அரைத் தூக்கத்தில் தட்டச்சு செய்திருக்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டேன். படிவமோ தபால் பெட்டி எண் கூடாது என்றது. உடனே அவளுக்கு ஃபோன் போட்டேன்.

“உன் ஸ்ட்ரீட் அட்ரஸ் சொல்லும்மா. ரெக்கார்ட்ல தப்பா இருக்கு.”

அவள் கொஞ்சம் தயங்கினாள். “எதுக்கு அங்கிள்?”

“லைசென்ஸ் அப்ளிகேஷனுக்கு. ஒரு ஃபார்மாலிட்டி.”

“இது வெளில யாருக்கும் போகாதுல்ல?”

“கவர்மெண்ட் ஃபைலும்மா. உள்ள போனா போனதுதான், கட்டுல கட்டிப் போட்டுடுவான். எவன் எடுத்துப் பாக்கப் போறான்?”

அப்படித்தான் சொன்னேன். ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதியிருக்கிறேன். திண்டிவனத்தில் கோப்பு என்றால் தூங்கும். கறையான் அரிக்கும். வேண்டும் என்று கேட்டு மூன்று மாதம் நடந்தாலும் வெளியே வராது. அந்த நினைப்பு என்னோடு விமானம் ஏறி வந்து இத்தனை வருடம் ஆகியும் இறங்கவில்லை.

அவள் சொன்னாள். தெருப் பெயர், அபார்ட்மெண்ட் எண். நான் விடுவேனா?

“லேண்ட்மார்க் ஏதாவது?”

“பின்னாடி பில்டிங் அங்கிள். மாடில, லாண்ட்ரி ரூமுக்குப் பக்கத்துல.”

முகவரிக்கு மூன்று வரி கொடுத்திருந்தார்கள். மூன்றாவது வரியில் எழுதினேன்: ‘பின் கட்டடம், மாடி, லாண்ட்ரி ரூம் அருகில்’. பொறுப்பாளர் பெயர்? ஷோபனா, முழுப்பெயர். அலுவலக நேரம்? திங்கள் முதல் வெள்ளி வரை, ஒன்பது முதல் ஐந்து. எல்லாக் கட்டமும் நிறைந்தது. கிளை எண் ஏழு. திருப்தியாக ஒரு காபி குடித்தேன்.

உரிமம் வந்தது. எங்கள் கிளைகளின் பட்டியல் இணையத்தில் பொதுமக்கள் பார்வைக்கு ஏறியது. வசூலுக்குக் கூப்பிடுகிறவன் உண்மையானவனா போலியா என்று யாரும் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம், நல்ல ஏற்பாடுதான். அதில் நிறுவனத்தின் பெயரைப் போட்டால் கிளைகள் வரும். பொறுப்பாளர் பெயரைப் போட்டாலும் வரும் என்று எனக்குத் தெரியாது. நான் போட்டுப் பார்த்ததே இல்லை.

நாங்கள் வாரத்துக்கு இரண்டு நாள் அலுவலகம் வர ஆரம்பித்திருந்த சமயம். ஒரு புதன்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவளுக்கு அப்போது காலை பத்து மணி. ஃபோனில் ஒரு புகைப்படம் வந்தது. ஒரு சின்ன அட்டைப்பெட்டி, மேலே ஒட்டிய முகவரிச் சீட்டு. எங்கள் நிறுவனத்தின் பெயர். கீழே ‘கிளை எண் 7’. அதற்குக் கீழே அவள் பெயர், தெரு, எண். கடைசி வரி: ‘பின் கட்டடம், மாடி, லாண்ட்ரி ரூம் அருகில்’.

அந்த வரியை உலகத்தில் ஒருத்தன்தான் எழுதியிருக்க முடியும். அமெரிக்காவில் எவன் முகவரியில் லாண்ட்ரி ரூம் அருகில் என்று எழுதுவான்? அது என் வரி.

உடனே அவள் கூப்பிட்டாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“அங்கிள், என் அட்ரஸ் யார்ட்ட குடுத்தீங்க?”

“என்னம்மா ஆச்சு? பெட்டில என்ன?”

“என் கண்ணாடி. ஆலன்ல இருந்தப்போ போட்டிருந்த கண்ணாடி. அவன் அறைஞ்சதுல ஒடஞ்சுது. அத ரிப்பேர் பண்ணி, புது லென்ஸ் போட்டு அனுப்பியிருக்கான். ஒரு சீட்டு வச்சிருக்கான். ‘பவர் மாறியிருந்தா சொல்லு’ன்னு எழுதியிருக்கான் அங்கிள்.”

யார் அவன் என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னாள். டெக்ஸாஸில் ஆலனில் இருந்தாளாம், கல்யாணமாகி ஐந்து வருடம். புருஷன் நல்ல வேலையில் இருப்பவன், ஊர்க்காரர்கள் மெச்சுகிற ஆள். மூன்றாவது முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அங்கிருந்த ஒரு நர்ஸ்தான் போலீஸைக் கூப்பிட்டாளாம். அவன் அவளை நெருங்கக்கூடாது என்று நீதிமன்றம் உத்தரவு போட்டது. அவள் இரண்டு பெட்டியோடு கலிஃபோர்னியா வந்துவிட்டாள். சாக்ரமெண்டோ தபால் பெட்டி ஒருவரும் தூக்கத்தில் அடித்த தப்பு இல்லை. இப்படி ஒளிந்து வாழ்கிறவர்களுக்கு மாநில அரசே கொடுக்கும் மாற்று முகவரி அது. கடிதமெல்லாம் அங்கே போய், அங்கிருந்து இவளுக்கு வரும். வீடு எங்கே என்று ஓர் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது.

அரசாங்கம் ஒளித்து வைத்ததை நான் ‘திருத்தி’ அரசாங்கத்துக்கே எழுதிக் கொடுத்திருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தேனோ, நின்றேனோ, நினைவில்லை. “லொரெய்ன்!” என்று கூப்பிட்டது மட்டும் நினைவிருக்கிறது. கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டபடி அவர் வந்தார். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டேன்.

அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. எங்கள் கதவு இல்லை. சன்னிவேல் கதவு.

மூன்று தட்டு. மரியாதையான தட்டு. பிறகு ஓர் ஆண் குரல், தமிழில், கோபமே இல்லாமல்:

“ஷோபனா, ஆபீஸ் தொறந்திருக்கா? நைன் டு ஃபைவ்னு போட்டிருக்கே. இன்னிக்கு புதன்கிழமைதானே?”

அவனுக்கு நேரம் குறித்துக் கொடுத்ததும் நான்தான். லொரெய்னுக்குத் தமிழ் தெரியாது. என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். என்ன சொல்கிறான் என்று கேட்டார். சொன்னேன். அவர் ஸ்கேல் வைத்துப் படிக்கிற அதே நிதானத்தில் ஃபோனுக்குக் குனிந்தார்.

“பெண்ணே, பேசாதே. லைனை வைக்காதே. குளியலறைக்குப் போய்த் தாழ் போடு.”

நான் பதற்றத்தில் மேசை ஃபோனில் 911 அழுத்தினேன். எடுத்தது எங்கள் ஊர்ப் போலீஸ்! நான் நியூ ஜெர்சியில் நின்றுகொண்டு கலிஃபோர்னியாவுக்கு ஆள் அனுப்பு என்று கத்துகிறேன், ஃபோனை எடுத்த பெண்ணோ எந்தத் தெரு ஐயா என்கிறாள். லொரெய்ன் ரிசீவரை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். சன்னிவேல் போலீஸின் முழு எண்ணையும் தேடி அழுத்தி, விஷயத்தை நாலே வாக்கியத்தில் சொன்னார். அவர்கள் முகவரி கேட்டார்கள். ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

என் வாயால் நான் சொன்னேன். தெரு. எண். பின் கட்டடம். மாடி. லாண்ட்ரி ரூம் அருகில்.

“நல்ல அடையாளம் சொன்னீர்கள், எங்கள் ஆட்களுக்கு உதவும்” என்றார் அந்தப் போலீஸ்காரர். இன்றுவரை என்னை யாரும் சொன்ன எந்த வசைச்சொல்லும் அந்தப் பாராட்டு அளவுக்குச் சுட்டதில்லை.

ஏழு நிமிடம். லொரெய்னின் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். ஃபோனில் தட்டும் சத்தம் நின்று நின்று வந்தது. இடையிடையே அவன் பேச்சு. “நான் சண்டைக்கு வரல. பிஸினஸ் விஷயமா வந்திருக்கேன். இது லைசென்ஸ் வாங்கின எடம், பப்ளிக் வரலாம்.” ஒருமுறை சிரித்தான். ஷோபனாவின் மூச்சு மட்டும் கேட்டது. நான் செபம் சொல்ல வாயெடுத்தேன், ‘அருள் நிறைந்த மரியே’க்கு மேல் வரவில்லை. வாழ்நாள் முழுக்கச் சொன்ன செபம், மறந்துபோனது.

போலீஸ் வந்தது. அவன் ஓடவில்லை. கையில் வைத்திருந்த தாளை எடுத்து நீட்டினானாம். மாநில இணையதளத்திலிருந்து அச்சடித்த எங்கள் கிளை விவரம். இது பொது அலுவலகம், அலுவலக நேரத்தில் வர எனக்கு உரிமை இருக்கிறது என்று வாதாடினானாம். நீதிமன்ற உத்தரவு எந்த மாநிலத்திலும் செல்லும் என்று சொல்லிக் கைவிலங்கு மாட்டினார்கள். அவன் காரில் இருந்த பொருட்களைப் பற்றிப் போலீஸ் பிற்பாடு ஷோபனாவிடம் சொன்னது. அவள் லொரெய்னிடம் சொன்னாள். லொரெய்ன் என்னிடம் சொன்னார். நான் இங்கே எழுதமாட்டேன்.

அன்று மாலை லொரெய்ன் படிவத்தின் விளக்கக் குறிப்பை அச்சடித்து எடுத்து வந்தார். ஸ்கேலை வைத்தார். வாய்விட்டுப் படித்தார். வாடிக்கையாளர் வராத, கோப்புகள் வைக்காத, ஊழியர் தங்கியிருந்து வேலை பார்க்கும் வீடு கிளையாகாது, அதைக் குறிப்பிடத் தேவையில்லை. ஒன்பதாம் பக்கத்தில் தெளிவாக இருந்தது. காலிக் கட்டத்தைக் கண்ட கண்ணுக்கு ஒன்பதாம் பக்கம் தெரியவில்லை.

அவர் இந்தமுறை, ‘இதை யார் கேட்டார்கள்’ என்று கேட்கவில்லை. “கடைசிக் கையெழுத்து என்னுடையது. இந்தப் பக்கத்தை நான் படிக்கவில்லை” என்றார். மேலிடத்துக்கும் அப்படியே எழுதிக்கொடுத்தார். நான் ராஜினாமாக் கடிதம் நீட்டியபோது, “முதலில் அந்தப் பெயரை இறக்கு, பிறகு போ” என்றார்.

இறக்க முடியவில்லை. கிளை உரிமத்தைத் திருப்பி ஒப்படைக்கலாம், பதிவை அழிக்க முடியாது என்றார்கள் மாநில அலுவலகத்தில். பக்கத்தில் ‘ஒப்படைக்கப்பட்டது’ என்று ஒரு சொல் சேர்ந்தது, முகவரி அப்படியே நின்றது. லொரெய்ன் தினம் காலையில் ஒரு அதிகாரியைக் கூப்பிடுவார். அவர் முடியாது என்றால் அவருக்கும் மேலே இருப்பவரைக் கூப்பிடுவார். பதினோராம் நாள் பெயரும் முகவரியும் பொதுமக்கள் பார்வையிலிருந்து மறைந்தன. பதினொரு நாளில் யார் யார் பார்த்தார்களோ, யார் யார் அச்சடித்து வைத்திருக்கிறார்களோ.

ஷோபனா அன்றைக்கே வீட்டைக் காலி செய்தாள். என் நண்பர் குடும்பம் ஒன்று அங்கே பக்கத்தில்தான் இருந்தது, தங்கமானவர்கள். அவர்கள் வீட்டில் போய் இருக்கச் சொன்னேன்.

“தமிழ் ஆளுங்க வீடு வேணாம் அங்கிள்” என்றாள். “அவங்க நல்லவங்களாதான் இருப்பாங்க. பாவம் இந்தப் பொண்ணுன்னு ஒருத்தர்ட்ட சொல்வாங்க. ஒரு வாரத்துல எல்லா வாட்ஸ்அப் க்ரூப்லயும் வந்துடும். ரெண்டு பேரையும் சேத்து வைக்கலாம்னு நாலு பேர் கிளம்பிடுவாங்க. மொத தடவ நான் வீட்ட விட்டுப் போனப்போ அவன் என்னைக் கண்டுபுடிச்சது அப்படித்தான்.”

அவள் சொன்ன அந்த நாலு பேரில் ஒருவனாக நானே போயிருப்பேன். போயிருப்பேன், சந்தேகமே வேண்டாம். குடும்பம்னா ஆயிரம் இருக்கும் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

“என்ன மன்னிச்சிடும்மா” என்றேன். அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அவள் அழவில்லை. “நீங்க கேட்ட விதம் எங்கப்பா கேக்கற மாதிரி இருந்துச்சு. அதான் சொல்லிட்டேன். தப்பு என் மேலயும் இருக்கு அங்கிள்” என்றாள். திட்டியிருக்கலாம். இரண்டு வாரத்தில் வேலையை விட்டாள். எங்கே போகிறாய் என்று லொரெய்ன் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவளிடமிருந்து எனக்கு அதன்பிறகு ஒரு செய்தியும் இல்லை.

அடுத்து வந்த ஒவ்வொரு புதுப்பித்தலிலும், எல்லா மாநிலத்திலும், எங்கள் ஊழியர் ஒவ்வொருவரின் பெயரையும் அந்தத் தேடல் கட்டத்தில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துக்கு அனுப்பினேன். லொரெய்ன் ஓய்வு பெற்றார். நானும் பெற்றேன். ஷோபனாவின் புருஷன் சிறையில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வெளியே வந்துவிட்டான் என்றும் கேள்விப்பட்டேன்.

காவ்யா, இன்னும் ஒன்று இருக்கிறது.

கொஞ்ச நாள் முன்பு நானும் ஃபிலோவும் ஓர் இந்திய மளிகைக் கடையில் நின்றிருந்தோம். எந்தக் கடை, எந்த ஊர், எந்த மாநிலம், ஒன்றையும் சொல்ல மாட்டேன். ஃபிலோ முருங்கைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்ப்பக்கம் ஒரு பெண் கூடையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தாள், உடம்பு கொஞ்சம் போட்டிருந்தது. பில் போடும் இடத்திலிருந்து யாரோ ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் கேள்விப்படாத பெயர். “இதோ வரேன்” என்று குரல் கொடுத்தாள்.

அந்தக் குரலை எனக்குத் தெரியாதா? திரையில் தினம் கேட்ட குரல். என்னையறியாமல் நிமிர்ந்து பார்த்துவிட்டேன். அவளும் பார்த்தாள். கையிலிருந்த வெங்காயம் கையிலேயே இருந்தது. கண்கள் மட்டும் கடையின் கதவுக்குப் போய்த் திரும்பின, வெளியே போகும் வழியைக் கணக்குப் போடுகிறவள் போல. என்னைக் கண்டு ஒரு பெண் அப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை.

நல்லா இருக்கியாம்மா என்று கேட்க நெஞ்சு அடித்துக்கொண்டது. சாப்டாச்சா அங்கிள் என்று அவள் ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும் என்றிருந்தது.

“யாருங்க அது? நம்மளையே பாக்குது. தெரிஞ்ச பொண்ணா?” என்று ஃபிலோ, அவளுக்கே உரிய வெண்கலக் குரலில் கேட்டாள்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் ஃபிலோவிடம் நான் பொய் சொன்னதில்லை. அந்தப் பெண்ணுக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்.

“இல்ல ஃபிலோ. யார்னே தெரியாது.”

ஃபிலோவின் கையைப் பிடித்து, முருங்கைக்காயைக்கூட எடுக்காமல், முதலில் வெளியே வந்தது நான்தான்.